ரங்கநாதன் தெருவில் தொலைந்துபோன அம்மா

தொண்ணூறுகளின் பின்பாதியில், தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தி.நகர் ரங்கநாதன் தெருவில் நடந்தது இது. அப்போது நாங்கள் அடையாறு சாஸ்திரி நகரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். என் மகனுக்கு இரண்டு வயது. அவனைப் பார்த்துக்கொள்வதற்காக நான் வேலையை விட்டிருந்த சமயம்.

கீழ் வீட்டுக்கு அந்த வருடம் கோடையில் ஒரு கொரியாக் குடும்பம் குடிவந்தது. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் கணவர் இன்ஜினீயர். விடிவதற்கு முன் கம்பெனி வேனில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. அவளுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அநேகமாகத் தெரியாது.

பாவம், இந்தப் பெண் எப்படிக் காலம் தள்ளப்போகிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கம்பெனியைச் சேர்ந்த மற்றக் குடும்பங்கள் எல்லாம் காவலாளி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி என்று சகல வசதியும் உள்ள ஒரே அடுக்குமாடியில் சேர்ந்து இருந்தன. கர்ப்பமான பெண்களைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பிவைப்பதுதான் அவர்கள் வழக்கம். இவள் மட்டும் போகவில்லை. தெருவோடு தெருவாக இருக்கும் வீடுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். மகளையும் வெளிநாட்டுக் குழந்தைகள் படிக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பாமல், எங்கள் தெரு முனையில் ஓர் அம்மாள் வீட்டிலேயே நடத்திக்கொண்டிருந்த நர்சரியில் சேர்த்துவிட்டாள். வெயிலில் முகம் சிவந்துபோய் அந்தக் குழந்தை நொண்டி விளையாடுவதைப் பார்த்தால் எனக்கே மனசு கேட்காது. என் மகனை நான் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டதில்லை.

மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் அவளும் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நிற்பாள். மேடிட்ட வயிற்றைப் பார்த்து எல்லோரும் முன்னால் போகச் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுத் தன் இடத்திலேயே நிற்பாள். முள்ளங்கியையும் முட்டைக்கோஸையும் மிளகாய்ப் பொடி போட்டு ஊறவைத்து, ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்து தருவாள். பேச்சு என்று எதுவும் இருக்காது. நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், அவள் சிரிப்பாள்.

மூன்றே மாதத்தில் அந்தக் குழந்தை தமிழ் பேச ஆரம்பித்துவிட்டது. அதுவும் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. தெருவில் கற்ற சுத்தமான மெட்ராஸ் தமிழ். "இன்னா ஆன்ட்டி, தம்பி சாப்டுச்சா?" என்று அது மாடிப்படியில் ஏறி வரும்போது என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பார்.

அதன் பிறகு நானும் அவளும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் குழந்தை வழியாகத்தான். டாக்டரிடம் போகும்போது என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். அடையாறில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். டாக்டரம்மா, குழந்தை நன்றாக அசைகிறதா என்று கேட்பார். மகள் அம்மாவிடம் கொரிய மொழியில் கேட்டுவிட்டு, மிகவும் பொறுப்பாகத் திரும்பிச் சொல்லும்: "நைட்ல ரொம்ப ஆட்டம் போடுதாம் டாக்டர். பகல்ல தூங்கிக்கினே கீதாம்." டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு அதன் கன்னத்தைக் கிள்ளுவார்.

சாயங்காலங்களில் அம்மாவும் மகளும் கேட் அருகே ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அம்மா யாரோ தெரியாத ஆள் மாதிரி நடந்து வருவாள். மகள் ஓடிப்போய் அவளை மறித்துத் தமிழில் என்னவோ சொல்லும். அம்மா தலையாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து நடந்து வருவாள். மகள் அம்மாவுக்குத் தமிழ் சொல்லித்தருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கியது. தெருக் குழந்தைகள் எல்லாருக்கும் புதுத் துணி எடுத்தாகிவிட்டது என்றும், தனக்கும் பட்டுப் பாவாடை வேண்டும் என்றும் மகள் பிடிவாதம் பிடித்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கும் மெல்லிய பருத்தித் துணி வாங்க வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது எட்டு மாதம் முடியும் தறுவாய். வேண்டாம், நான் போய் வாங்கி வருகிறேன் என்று குழந்தையிடம் சொல்லியனுப்பினேன். பாவாடையைத் தானே பார்த்து எடுக்க வேண்டும் என்கிறாள் அம்மா என்று பதில் வந்தது. வார நாளில், காலையிலேயே போய்விட்டால் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம். என் மகனை மாமியாரிடம் விட்டேன். கம்பெனிக் கார் எங்களைப் பனகல் பார்க் அருகே இறக்கிவிட்டது.

கணக்கு தப்பாகிவிட்டது. நாங்கள் பாவாடை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு கூட்டம், உஸ்மான் ரோடு பக்கமிருந்து ஒரு கூட்டம். குழந்தையின் கையை அம்மா இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், யாரும் வயிற்றில் இடித்துவிடாதபடி கையை அகட்டிக்கொண்டு வந்தேன். அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கக் கடைகளின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்க ஒரே தள்ளுமுள்ளு. தலையில் துணி மூட்டையோடு ஓடிவந்த ஒருவர் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே புகுந்துவிட்டார். அவர் கடந்து போனபோது அம்மாவின் கை வெறுமையாக இருந்தது. குழந்தையைக் காணவில்லை.

நான் குழந்தையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மழைச் சத்தத்திலும் கடைக்காரர்கள் கூவும் சத்தத்திலும் எனக்கே என் குரல் கேட்கவில்லை. கடத்திக்கொண்டு போய்விட்டார்களோ, காலடியில் விழுந்துவிட்டதோ, ரயில்வே லைன் பக்கம் போய்விட்டதோ என்று ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன், வா, தேடலாம் என்று. அவள் வரவில்லை.

பக்கத்தில் ஒரு பாத்திரக் கடை. அதன் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். படியைத் தட்டித் தட்டி, "இங்க. இங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. பிறகு என்னைக் காட்டி, தெருவைக் காட்டினாள்.

அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவும் வழியில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சாக இருந்ததே அந்தக் குழந்தைதான். பாத்திரக் கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்லாவை விட்டு எழுந்து வந்து, "உள்ளே வந்து உக்காரச் சொல்லுங்கம்மா, வாயும் வயிறுமா இருக்காங்க, நனையுதாங்கல்லா" என்றார். நானும் சைகையில் சொல்லிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. தெருவில் வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதுபோல் படியின் ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒரு குடையை விரித்து, கடை ஆளை அவள் தலைக்கு மேல் பிடிக்கச் சொன்னார்.

நான் இந்தப் பக்கம் கொஞ்ச தூரம், அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று ஓடினேன். கடை கடையாக எட்டிப் பார்த்தேன். கொரியாக் குழந்தை, கொரியாக் குழந்தை என்று புலம்பிக்கொண்டே திரும்பி வந்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவள் அதே படியில், அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் தெருவில் வருகிற ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் போலீஸ் பந்தலுக்குப் போய்விடுவது என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தீபாவளிக் கூட்டத்துக்காகத் தெரு முனையில் பந்தல் போட்டு, தெரு நெடுக ஒலிபெருக்கி கட்டி, பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று அறிவித்துக்கொண்டே இருப்பார்கள். நான் படியிறங்கும் நேரத்தில் அந்த அறிவிப்பு நின்றது. ஒரு போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. ஒரு அம்மா காணாம போயிட்டாங்க. கொரியாக்காரங்க. அவங்க பொண்ணு இங்க நம்ம பந்தல்ல இருக்குது. அம்மாவுக்குத் தமிழ் தெரியாதாம். அதனால பாப்பாவே பேசுது."

கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு அந்தத் தெரு முழுவதும், இரண்டு பக்கக் கடைகளின் மேலிருந்தும், அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"ஓம்மா..."

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கொரிய மொழி. ஒரு வார்த்தைகூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் அந்த முதல் வார்த்தை புரியாமல் இருக்க முடியுமா? பாத்திரக் கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் எதிரே நின்ற ஒரு பெண்மணி, "அம்மான்னுதான் கூப்புடுது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்.

அதுவரை கல்போல உட்கார்ந்திருந்தவள் அப்போதுதான் உடைந்தாள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். நான் அவளை எழுப்பி அழைத்துப்போகப் பார்த்தேன். அப்போதும் தலையாட்டிவிட்டுப் படியைத் தட்டினாள். இங்கேதான்.

கடைக்காரரே மழையில் இறங்கிப் பந்தலுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் தானாக வழி விட்டது. போலீஸ்காரர் ஒருவரின் தோளில், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்துகொண்டு அது வந்தது. இறக்கிவிட்டதும் ஓடிவந்து அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துவிட்டது. தான் அழவே இல்லை.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னா மேடம் இது பொண்ணு! ரிப்பன் விக்கிற அம்மா கையப் புட்சிகினு நேரா வந்து நிக்குது. ஏம்மா தொலைஞ்சி போய்ட்டியான்னு கேட்டா, 'நான் தொலையல சார், எங்கம்மாதான் தொலைஞ்சிட்டாங்க. வயித்துல பாப்பா கீது, தமிழ் வராது, பயந்துக்குவாங்க, சீக்கிரம் தேடுங்க'ன்னுது. சரி, நான் மைக்ல சொல்றேன்னா, 'நீங்க சொன்னா அவங்களுக்கு இன்னா புரியும்? என்கிட்ட குடுங்க'ன்னு புடுங்கிகிச்சு."

மைக்கில் என்ன சொன்னாய் என்று நான் குழந்தையைக் கேட்டேன். "அம்மா, அழாதீங்க, எழுந்து ஓடாதீங்க, விட்ட எடத்துலயே உக்காருங்க, நான் வந்துடறேன்னு சொன்னேன் ஆன்ட்டி" என்றது.

காரில் திரும்பும்போதுதான் எல்லாம் விளங்கியது. அம்மா சொல்லச் சொல்ல மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது. இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே அவள் முடிவு செய்துவிட்டாளாம். தனக்குப் பாஷை வர நாளாகும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் மகள் பக்கத்தில் தான் இருக்க முடியாது. கணவரும் தூரத்தில். அப்படி ஒரு நேரத்தில் சுவருக்கு உள்ளேயே வளர்ந்த குழந்தை யாரிடம் என்ன கேட்கும்? அதனால்தான் தெருவில் வீடு, தெருவில் பள்ளி, தெருவில் விளையாட்டு. கேட் அருகே நான் பார்த்ததும் அதற்கான பயிற்சிதான். கை விட்டுப்போனால் அம்மா அந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். மகள் ஒரு பெண்ணிடமோ காக்கிச் சட்டைக்காரரிடமோ போய்த் தமிழில் சொல்ல வேண்டும். மகள் தேடிக்கொண்டு வரும்போது அம்மா அங்கே இல்லாமல் போய்விடக் கூடாது.

அவள் கை என் மடியில் இருந்தது. உள்ளங்கையில் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் தன்னைத்தானே அவள் எப்படிப் பிடித்து வைத்திருந்தாள் என்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. நான் அந்தக் கையைத் தடவிக்கொடுத்தபடியே வந்தேன்.

அடுத்த மாதம் அடையாறு நர்சிங் ஹோமில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ராத்திரி ஒரு சிணுங்கல் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் வழக்கப்படி கொடுக்கும் சூப்பை, ஊரிலிருந்து தருவித்த கடற்பாசியில் அவள் கணவர் வைத்துக்கொண்டு போனார், நான் பூண்டுக் குழம்பு கொண்டுபோனேன். இரண்டையும் சாப்பிட்டாள். தொட்டிலை எட்டிப் பார்த்த தெருக் குழந்தைகளிடம், தம்பிக்கும் நான்தான் தமிழ் சொல்லிக்கொடுப்பேன் என்று அக்கா பெருமையடித்துக்கொண்டது. அந்த வாரமே என் மகனை நான் முதல் தடவையாகக் கேட்டைத் திறந்து தெருவில் விளையாட விட்டேன். அதைப் பார்த்த என் மாமியாரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு வருடத்தில் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கொஞ்ச காலம் வாழ்த்து அட்டைகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. என் மகன் இப்போது வேறொரு தேசத்தில் இருக்கிறான். அவன் போன் வரத் தாமதமாகும் நாட்களில் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்போது அவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பிள்ளையைத் தேடிக்கொண்டு ஓடுவது எந்தத் தாய்க்கும் வரும். சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது வந்து சேரும் என்று நம்பி இருந்த இடத்திலேயே இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை, பாஷை தெரியாத ஊரில் நிறைமாதமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம்தான் நான் பார்த்தேன்.