பல்லில் நின்றுபோன வயது

அரசு மருத்துவமனையின் பல் டாக்டர் அம்மாவுக்கு எந்த நோயாளியைக் கண்டும் பயமில்லை. நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்தால் மட்டும் பயம். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வதும் அவர் வேலைதான்.

"பல்லைப் புடுங்கினோமா, வீட்டுக்கு வந்தோமான்னு இல்லாம உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்பார் கணவர்.

அன்று பெண் காவலர் ஒருவர் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அப்பா அம்மா இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள், அங்கிருந்து ஓடிவந்துவிட்டாள். சித்தப்பா வழக்குப் போட்டிருந்தார்: அவளுக்குப் பதினேழுதான், என்னோடு அனுப்புங்கள். அவளோ பதினெட்டு முடிந்துவிட்டது என்றாள்.

எக்ஸ்ரேயில் ஞானப்பல்லின் வேர் நுனி இன்னும் மூடவில்லை. பதினாறும் இருக்கலாம், பத்தொன்பதும் இருக்கலாம்.

"பதினெட்டுன்னு எழுதிடுங்க மேடம். திரும்ப அங்க போனா என்னைக் கொன்னே போட்டுடுவாரு."

"தெரியாததை எப்படிம்மா எழுதுறது?"

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்தார். அப்போதுதான் மேல்வரிசை முன்பல்லைக் கவனித்தார். பக்கத்துப் பல்லுக்கு வேர் நீளமாக முடிந்திருக்க, இதற்கு மட்டும் கட்டையாக, நுனி வாய்பிளந்து கிடந்தது. அடிபட்டுச் செத்த பல். செத்த பல்லின் வேர் அதற்குமேல் வளராது. அடிபட்ட வயதிலேயே நின்றுவிடும். எட்டு, மிஞ்சினால் ஒன்பது.

"எட்டு வயசுல என்னம்மா ஆச்சு?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "சித்தப்பா முடியப் புடிச்சு மூஞ்சிய கதவுல மோதினாரு" என்றாள்.

விசாரணை நாளில் டாக்டர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"ஒரே வயசா சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"சொல்ல முடியாதுங்க ஐயா. சொன்னா பொய்யாயிடும்." பிறகு முன்பல்லைப் பற்றிச் சொன்னார். அடித்தது யாரென்று பல் சொல்லாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சித்தப்பா எழுந்தார். "அஞ்சு வயசுல எங்க வீட்டுக்கு வரும்போதே அந்தப் பல்லு அப்படித்தாங்க இருந்துச்சு!"

நீதிபதி டாக்டரைப் பார்த்தார்.

"அஞ்சு வயசுல அந்த இடத்துல பால்பல்லுதாங்க ஐயா இருந்திருக்கும். இது அதுக்கப்புறம் முளைச்சது."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார்.

அவரை விசாரிக்க உத்தரவானது. வயது உறுதியாகாததால் பெண்ணை ஒரு வருடம் அரசு விடுதியில் வைக்கச் சொன்னார்கள். வெளியே போகும்போது அவள் டாக்டரின் முன் நின்றாள்.

"ஒரு வார்த்தை பதினெட்டுன்னு சொல்லியிருந்தா நான் என் பாட்டுக்குப் போயிருப்பேன். இப்ப இன்னொரு இடத்துல அடைச்சு வெச்சுட்டீங்களே."

அன்று டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் ரசம் சாதம் பிசைந்து அவர் முன்னால் வைத்தார். விடுதிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று டாக்டர் பலமுறை நினைத்தார்; என்ன முகத்தோடு போவது என்று இருந்துவிட்டார்.

மறுவருடம் வேறொரு வழக்குக்காக அதே பெண் காவலர் வந்தார். டாக்டர் அந்தப் பெண்ணைப் பற்றித் தயங்கித் தயங்கி விசாரித்தார்.

"வெளிய வந்துட்டா மேடம். தையல் கம்பெனியில வேலை, சிநேகிதிங்களோட தங்கியிருக்கா. ஆனா உங்க பேச்சை எடுத்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறா."

"திருப்பிக்கட்டும்" என்றார் டாக்டர். கண் கலங்கியது. "நல்லா திருப்பிக்கட்டும்."