யாருக்கும் தெரியாத கட்டம்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில், பதினோரு பேர் வேலை பார்க்கும் ஆபீஸில் நடந்தது. அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருவன்.

எங்கள் புரோகிராமருக்கு நாங்கள் வைத்த பெயர் கறார் அக்கா. வீட்டுக்கே நர்ஸை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் இணையதளம் அவள் பொறுப்பு. நோயாளி படிவத்தை நிரப்பினால் நர்ஸ் வருவார். ஆனால் தானாக ஓடும் குப்பை புரோகிராம்கள் தினமும் ஆயிரக்கணக்கில் பொய்ப் பதிவுகளைக் கொட்டின. அதற்குள் நிஜ நோயாளியைத் தேடியே அவளுக்கு உயிர் போனது.

சனியன்கள் என்று திட்டிக்கொண்டே ஒரு பொறி வைத்தாள். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். ‘வேறு விவரம்’ என்று தலைப்பு. மனிதரால் அதைப் பார்க்க முடியாது, நிரப்பவும் மாட்டார். புரோகிராம் எல்லாவற்றையும் நிரப்பும், மாட்டிக்கொள்ளும். அதில் ஓர் எழுத்து இருந்தாலும் பதிவு குப்பைக் கோப்புக்குப் போய்விடும். குப்பை அனுப்புகிறவனுக்குச் சந்தேகம் வராமலிருக்க, ‘நன்றி, நர்ஸ் வருவார்’ என்ற பதில் மட்டும் திரும்பிப் போகும்.

தொல்லை விட்டது என்று மூன்று வாரம் நிம்மதியாக இருந்தாள்.

அப்புறம்தான் குப்பைக் கோப்பைக் காலி செய்யத் திறந்தாள். விளம்பரங்களுக்கு நடுவே ஒரு வரி. ‘மூச்சு விட முடியல. சீக்கிரம் வாங்க.’ மதியம் 3.10.

மறுநாள் தேதியில், ‘இன்னைக்கும் வரலையே.’ அதுவும் 3.10. ஒரே போன் நம்பர். இருபது நாள், இருபது பதிவு.

என் மேல் பாய்ந்தாள். படிவத்தைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை.

“நோயாளி விஷயத்துல விளையாடுறியா?”

நான் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. மணி 2.55. எனக்குப் புத்தி வரட்டும் என்று படிவத்தையே தளத்திலிருந்து தூக்கினாள். இனி யாரும் எதையும் அனுப்ப வழியில்லை.

இருவரும் திரையில் குப்பைக் கோப்பையே பார்த்தோம். 3.08... 3.09...

டிங்.

‘கதவு திறந்துதான் இருக்கும்மா.’

அவள் ஆத்திரத்தோடு அந்த நம்பரை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள். யார் இப்படித் தினமும் அனுப்புவது என்று அக்கா சீறினாள்.

“இது அப்பா நம்பருங்க. அவருக்குக் கண்ணு தெரியாது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு கட்டமா படிச்சுக் காட்டும், அவர் நிரப்புவார்.”

அக்காவின் கோபம் அங்கேயே செத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் எதற்கு? மறைத்த கட்டத்தையும் அது படித்திருக்கிறது.

“நர்ஸ் வராங்கன்னு பதில் வந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வர மாட்டேன்னுட்டார். வாசல் பக்கமே காதை வெச்சு உட்கார்ந்திருந்தார்.” சட்டென்று அவளே கேட்டாள். “நீங்கதானா அது? ஏன் வரல?”

அக்கா போனை என்னிடம் நீட்டினாள்.

போனை வாங்கி நான்தான் கேட்டேன், அப்பாவிடம் பேச முடியுமா என்று.

அவர் இறந்து இருபது நாள் ஆகிறதாம். முதல் பதிவு வந்த அன்றே, சாயங்காலம் ஆறு மணிக்கு.