கோலம் போட்டிருந்த கன்டெய்னர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்கத்தாவில் துர்கா பூஜைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம், நான் பெண் பார்க்கப் போனேன். அப்போது எனக்கு அலிப்பூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவர் ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்தாக வேண்டும். வேறு எங்கும் எங்களுக்கு ஒரு கைப்பிடி மண் கிடையாது. அப்படியிருந்தும் பெண் வீட்டாருக்குச் சொந்த வீடு இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. "வாடகை வீட்டுல பொண்ணு எடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்பாள். குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுகிறோமே என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

பெண்ணின் அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. சொந்த வீடு உண்டு என்று தரகர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். ஊருக்குத் தெற்கே, பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி ரிக்‌ஷாவில் போனோம். நான், அம்மா, மாமா மூவரும். அப்பாவுக்கு அன்று டூட்டி. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கே போனாலும் யாரையாவது நக்கலடிக்காமல் திரும்ப மாட்டார்.

மாடி வீடு. சிவப்பு சிமெண்டுத் தரை பளபளவென்று இருந்தது. அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பெண்ணை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் தலை குனியாமல் நேராகப் பதில் சொன்னாள். அவள் அப்பாதான் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் போட எழுந்தவர் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தார். வெளி விளக்கு எரிந்ததே தவிர ஃபேன் சுற்றவில்லை.

கேசரியைத் தின்றுகொண்டே மாமா ஜன்னல் வழியாகப் பக்கத்து மனையைப் பார்த்தார். கப்பலில் சரக்கு ஏற்றுவார்களே, அந்த நீல நிற இரும்புக் கன்டெய்னர் ஒன்று அங்கே செங்கல் மேடைமேல் இருந்தது. பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிப் பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தார்கள். வாசலில் பெரிதாக ஒரு புள்ளிக் கோலம்.

"என்னங்க இது, வீடு இங்க இருக்க, கோலத்தைப் பக்கத்து வீட்டு வாசல்ல போட்டிருக்கீங்க?" என்று மாமா சிரித்தார்.

பெண்ணின் அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கணவரைப் பார்த்தார். பாவம், விடிந்ததும் பழக்க தோஷத்தில் தன் வாசலிலேயே போட்டுவிட்டிருக்கிறார். பெண்தான் சொன்னாள்: "அதுதான் எங்க வீடு. இது பௌதி வீடு. உங்களுக்காகக் கேட்டு வாங்கினோம்."

பௌதி என்று அவள் சொன்னது பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளை. எங்களுக்காக அன்று அந்த வீட்டில் மீன்கூடச் சமைக்கவில்லையாம்.

அவள் அப்பா எழுந்து நின்றார். "சொந்த வீடுன்னு சொன்னது பொய் இல்லீங்க. மனை நம்ம பேர்லதான் இருக்கு. கட்டடம் கட்ட வசதியில்ல. துறைமுகத்துல கழிச்சுப் போட்டதை ஏலத்துல எடுத்து நானே வீடாக்கினேன். என் வீட்டுக்காரிக்குத்தான் உங்ககிட்ட காட்டக் கூச்சம். வந்து பாக்குறீங்களா?"

அந்த இரும்புக் கதவைத் திறந்ததும் மனிதர் ஆளே மாறிவிட்டார். உள்ளே பலகை அடித்தது, வெயில் இறங்காமல் மேலே கொட்டகை போட்டது, மழைத் தண்ணீர் ஏறாமல் மேடை எழுப்பியது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். உண்மையைச் சொன்னால், எங்கள் குவார்ட்டர்ஸைவிட அது சுத்தமாக இருந்தது.

மாமா சுவரை விரலால் தட்டினார். டங்கென்றது. "சீர் கொண்டு வர்ற கஷ்டமே இல்ல. வீட்டையே லாரியில ஏத்தி அனுப்பிடலாம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்களைப் பார்த்துப் பெண்ணின் அப்பாவும் சிரித்தார், வந்தவர்கள் மனம் கோணக் கூடாதே என்று. பெண் மட்டும் சிரிக்கவில்லை. தன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அம்மா ஒருவழியாக இறங்கி வந்தாள். சம்மதம் என்று சொல்லியனுப்பினோம். ஏதோ பெரிய உபகாரம் செய்வதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

சில நாள் கழித்து அவரே என் அலுவலகத்துக்கு வந்தார். வராந்தாவில் நின்றபடியே, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பொண்ணு வேண்டாங்குது" என்றார்.

மாமா பேசியதற்காகவா என்று கேட்டேன். பழியை அவர்மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கத் தயாராக இருந்தேன்.

"அதுக்கு இல்ல தம்பி. அவங்க கேலி பண்ணது போகட்டும், அப்பாவையும் கூடச் சேர்ந்து சிரிக்க வெச்சுட்டாங்களேன்னு சொல்லுது."

சொல்லிவிட்டு, என் சங்கடத்தைப் பார்த்து அப்போதும் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். எனக்கு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காபி சாப்பிடலாம் என்றுகூடக் கூப்பிடாமல் நின்றேன்.

அப்பா ஓய்வு பெற்றபின் வாடகை வீடு வாடகை வீடாக மாறினோம். எனக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. பல வருஷம் கழித்துக் கடன் வாங்கிச் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கினேன். கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒருவர், "ஹாலா இது, நடக்குற வழின்னுல்ல நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மனிதர் அன்று தன் வீட்டுக்குள் நின்று எதை விழுங்கிக்கொண்டு சிரித்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை நினைத்தால் என் வீட்டுக்குள்ளேயே எனக்கு இன்னும் கூசுகிறது.