குழந்தைகளின் அழுகைக்குக் காது கொடுத்த எங்கள் ஐயா

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து இந்த நினைவுமலரைக் கையிலெடுத்திருக்கும் உங்களிற் பலருக்கு எங்கள் ஐயாவைத் தெரிந்திருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அவரை இன்னும் நன்றாகத் தெரியும்.

ஐயா கரவெட்டியிற் பிறந்தவர். இளமையிலேயே தகப்பனை இழந்து, உறவினர் ஆதரவிற் படித்து, அரச ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வேலைக்குச் சேர்ந்தார். மருந்துப் போத்தில் கையில் கிடைத்தால்தான் வைத்தியம் நடந்ததாகத் தாய்மார் நம்பிய காலம் அது. சளி தடிமனுக்கும் வயிற்றூதலுக்கும் கைக்குழந்தைகளுக்கு மருந்து ஊற்றுவது அவருக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டு, குழந்தையைப் பராமரிக்கும் முறைகளை அறிந்துகொண்டார்.

போர்க்கால இடப்பெயர்வில் அம்மா காலமான பின், ஒரே மகளான என்னிடம் கனடா வந்தார். பார்க்டேலில் ஓர் அறையில் இருந்துவிட்டு ஸ்காபரோ அடுக்குமாடிக்கு மாறினோம். நானும் கணவரும் வேலைக்குப் போக, எங்கள் மகளை ஐயாவே வளர்த்தார். பால் குடித்ததும் அவளுக்கு ஏவறை, ஏப்பம், எடுக்க அவர் முதுகு தடவும் விதத்தைக் கண்டு, பக்கத்து வீட்டுத் தாய்மாரும் வரத் தொடங்கினார்கள். ஓமவாட்டரோடு ஒருவர் வந்தால், "உந்தப் போத்திலை அங்கால வையுங்கோ. முதல்ல பிள்ளையைத் தாங்கோ" என்பார். குழந்தையை மல்லாத்தி, கால்களைச் சைக்கிள் ஓடுவதுபோல மெல்ல மடக்கி நீட்டுவார். ஹீற்றர் காற்றில் மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு. பல் முளைக்கும் ஈறுக்குக் குளிர்ந்த ஈரத்துணி. ஈர நப்பி கட்டியிருந்து சிவந்த தோலுக்குக் கொஞ்சம் காற்று. இவ்வளவுதான்.

ஒரு பனிக்காலத்துக் காலையில், கீழ்மாடி வசந்தி தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை. உடம்பு கொதித்தது. பால் குடிக்காமற் சோர்ந்து கிடந்தான்.

ஐயா தொட்டுப் பார்த்தவுடன், "ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ" என்றார்.

"ஐயா, ஒருக்கா ஈரத்துணியால துடைச்சுப் பாப்பமே? நீங்கள்தானே மருந்து வேண்டாமெண்டு சொல்லுறனீங்கள்?"

"நான் எல்லாத்துக்கும் அப்பிடிச் சொல்லேல்லைப் பிள்ளை. இந்த வயசில காய்ச்சலெண்டால் வீட்டில வைச்சுப் பாக்கேலாது. உது என்ர கைக்கு அடங்கின காரியமில்லை."

வசந்தி அழத் தொடங்கினார். நான் டாக்சிக்குப் போன் அடித்தேன். ஐயா கட்டியிருந்த சாரத்தோடேயே கோட்டை மாட்டிக்கொண்டு அவருடன் போனார். ஆஸ்பத்திரியிற் சோதித்துப் பார்த்தபோது சிறுநீரிற் கிருமி இருந்தது; இரத்தத்துக்கும் பரவத் தொடங்கியிருந்தது. ஊசி மருந்து ஏற்றினார்கள். பிள்ளை கண்விழித்துப் பால் குடிக்கும்வரை ஐயா வீடு திரும்பவில்லை. தன்னைப் புகழ்ந்தவர்களிடம், "மருந்துதான் காப்பாத்தினது, நானில்லை" என்று சொல்லிவிடுவார்.

இதயநோய் அவரைப் படுக்கையிற் கிடத்தியபோது, எங்கள் மாடிக் குடும்பங்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தன. வேலைக்கு லீவு போட்டு வந்து அவரருகில் இருந்தார்கள். ஐயா வலியின்றி, நித்திரையிலேயே எங்களைவிட்டுப் பிரிந்தார். ஆஸ்பத்திரித் தாதியருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், தோள்கொடுத்த உங்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி.

இறுதிக் கிரியை நடந்த மண்டபத்தில், தேவாரம் பாடும் நேரம் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அதன் தாய் கூச்சத்தோடு எழுந்து வெளியே போகப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து இருத்தினேன்.

"இருங்கோ தங்கச்சி. ஐயாவுக்கு இது இடைஞ்சலில்லை."