யாக்கோப்பு கொண்டுபோன போத்தல்

நெடுந்தீவில் மாடு வளர்த்துப் பிழைத்த யாக்கோப்புக்குத் தன்னில் பிழை என்று ஒன்றைச் சொல்ல வாய் வராது. அவனுடைய மாடு அயலான் பயிரை மேய்ந்தால் அயலானின் கல்வேலி சரியில்லை. காய்ச்சிய பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை. ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். அவன் பெண்சாதி செபஸ்தியம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்பைத் துடைப்பாள்.

1938ஆம் ஆண்டு மாரி முடிய, விடியற்காலைகளில் அவளுக்குக் கண் இமை தடிக்கத் தொடங்கியது. பின்னேரமானால் கால் வீங்கும். விரலால் அமுக்கினால் குழி விழும். இருவரும் வள்ளமேறி ஊர்காவற்றுறைக்குப் போய் டாக்டர் தில்லைநாதனிடம் காட்டினார்கள். டாக்டர் அவசரப்படாத மனிதர். காலையும் முகத்தையும் ஆற அமரப் பார்த்துவிட்டு யாக்கோப்பிடம் சொன்னார்.

“குண்டிக்காயில, அதுதான் சிறுநீரகத்தில, நோயோ எண்டு ஒரு சந்தேகம். சலத்தைப் பாத்தால்தான் சொல்லலாம். வாற புதன்கிழமை, இவ விடிய எழும்பினவுடனே போற சலத்தைப் போத்தலில கொண்டு வாரும். இவ வரத் தேவையில்லை, கடலில அலையக்கூடாது.”

புதன்கிழமை விடிய செபஸ்தியம்மா போத்தலைக் கொடுக்கும்போது, அயல்வீட்டில் ஒரு தக்கை வாங்கி வருகிறேன் என்றாள். “என்னத்துக்கு? நான் அடைச்சால் அசையாது,” என்று யாக்கோப்பு ஒரு துணித்துண்டைச் சுருட்டிப் போத்தல் வாயில் திணித்தான். வள்ளத்தில் என்ன போத்தல் என்று கேட்டவர்களுக்குக் கசாயம் என்றான். நடுக்கடலில் ஓர் அலை வள்ளத்தைச் சரித்தது. போத்தல் உருண்டது, துணி கழன்றது, கசாயம் எல்லார் காலடியிலும் ஓடியது. மணம் எழும்பியதும் இது என்ன கசாயம் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. இறங்கும்வரை சிரித்தார்கள்.

அவன் வெறும் போத்தலோடு திரும்பியிருக்கலாம். அடுத்த புதன்கிழமை மறுபடி வந்திருக்கலாம். ஆனால் தக்கை வாங்கட்டோ என்று கேட்டவளின் முன்னால் போய் என்னவென்று சொல்வது? கரையில் ஒரு பற்றைக்குப் பின்னால் போய், போத்தலைத் தானே நிரப்பினான். இரண்டு பேரும் ஒரே பானைச் சோறு தின்கிறோம், ஒரே கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறோம், சலம் மட்டும் வேறாகவா இருக்கும் என்று தனக்கே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான். நியாயம் சொல்வதில் அவனை அடிக்க ஆள் இல்லை.

டாக்டர் அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு விளக்கில் காய்ச்சினார். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“குண்டிக்காய் பழுதெண்டால் இது முட்டை வெள்ளை மாதிரித் திரையும். இஞ்ச பாரும், தெளிவாய்க் கிடக்கு. இது அவ விடிய எடுத்துத் தந்ததுதானே?”

“ஓம் ஐயா.”

“அப்ப நல்லது. நோய் இருந்திருந்தால் உப்பை நிப்பாட்டி, வேலை செய்யவிடாமல் படுக்கையில வைச்சிருக்க வேணும். இனி அது தேவையில்லை. இரத்தக்குறைவாக்கும், மருந்து தாறன்.”

ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது! அவன் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் தெளிந்த குழாய் செபஸ்தியம்மாவினுடையதுதான் என்று அவனே நம்பத் தொடங்கிவிட்டான். “ஒண்டுமில்லையாம்!” என்று படலையிலேயே கத்தினான். அவளும் நம்பினாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள், தண்ணீர் அள்ளினாள், மாட்டுக்குக் குழை வெட்டினாள்.

இரண்டு மாதத்தில் முகம் அடையாளம் தெரியாமல் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. அவளை வள்ளத்தில் கிடத்தி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனார்கள். இந்தமுறை குழாய் சூடேறியதும் வெள்ளையாகத் திரைந்து கட்டியாகிவிட்டது. டாக்டர் குழாயைக் கீழே வைத்தார். பிறகு யாக்கோப்பைத் தனியே கூப்பிட்டார்.

“இனிப் பெரிசாய் ஒண்டும் செய்யேலாது. அண்டைக்கு நான் எங்கேயோ பிழை விட்டிருக்கிறன், எப்பிடியெண்டு விளங்கேல்லை. இவவை இன்னொருக்கா நேரில கூப்பிட்டுப் பாத்திருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

யாக்கோப்பு தலையைக் குனிந்துகொண்டு, “பரவாயில்லை ஐயா,” என்றான். அந்தச் சொல்லுக்காக அவன் பிறகு வாழ்ந்த காலமெல்லாம் வெட்கப்பட்டான்.

கட்டிலில் செபஸ்தியம்மா இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். டாக்டரின் முகம் வாடியிருந்ததை அவளும் கவனித்திருந்தாள்; அவர் மன்னிப்புக் கேட்டதும் காதில் விழுந்திருந்தது.

“இஞ்சேருங்கோ, அந்த மனுசன் என்னால நல்லாய் நொந்துபோனார். அவரோட கோவிக்காதேங்கோ. பிழை எல்லாருக்கும் வாறதுதானே.”

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. துணி கழன்றது, வள்ளத்தில் சிரித்தது, பற்றைக்குப் பின்னால் போனது எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். இவள் கத்துவாள், ஏசுவாள், முகத்தைத் திருப்புவாள் என்று காத்திருந்தான். அவளுக்கு மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை பொறுத்திருந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“திரும்பி வந்திருந்தால், நான் இன்னொருக்காத் தந்திருப்பன்தானே?”