பொன்னுத்தாயிக்கு வெட்டிய மூங்கில்

நெடுஞ்செழியன் தன் மூங்கில் குழாயை எடுத்து ஊதினால் மன்னார்குடித் தெப்பக்குளமே நடுங்கும். சரி, நடுங்காது. எங்கள் ஊருக்கும் அந்தக் குளத்துக்கும் பதினாறு கிலோமீட்டர். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அவன் வீட்டு எவர்சில்வர் குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக அதிர்வு ஓடியது நிஜம்.

நெல் அறுக்கும் செயின் வண்டி ஓட்டுகிறவன் அவன். நாற்பத்தாறு வயது. சேற்றில் புதைந்த வண்டியை ஒற்றை ஆளாக மேலே ஏற்றிவிடுவான். அவனுக்கு இருந்த ஒரே வியாதி, தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது. குறட்டை திடீரென்று அறுந்துவிடும். மனைவி அம்சவல்லி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். பதினைந்து, இருபது... பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிறவன் மாதிரி ஒரு இழுப்பு. இப்படித் தூக்கம் கெட்டுப் பகலெல்லாம் கண் சொக்கும். போன குறுவை அறுப்பில் அப்படிச் சொக்கியபோது வண்டி வாய்க்கால் கரையில் பாதி தொங்கியது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஃபாஜில் சாவியை வாங்கிக்கொண்டார்.

"தையில சம்பா அறுப்பு. அதுக்குள்ள மூச்சு சரியாயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும்ணே. அப்பதான் சாவி."

தஞ்சாவூரில் தூங்க வைத்துச் சோதித்தார்கள். முகமூடி வைத்த மெஷின் ஒன்று கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் மாதங்கி என்ற பெண் கூடவே இன்னொன்றும் சொன்னாள். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஊதும் டிஜெரிடூ. ஆளுயரக் குழாய், விரல் வைக்கத் துளை கிடையாது, மூச்சு அறாமல் ஊத வேண்டும். ஊத ஊதத் தொண்டைச் சதை இறுகுமாம்.

"அங்க கரையான் அரிச்ச மரத்துல செய்வாங்க. நீங்க மூங்கில்ல பண்ணிப் பாருங்க. ஆனா மெஷினை விட்டுடாதீங்க."

முதலில் பிவிசி குழாயை ஊதினான். தண்ணீர் ஏறாத மோட்டார் மாதிரி கத்தியது. ஊர் மூங்கிலையெல்லாம் தட்டிப் பார்த்தான். ஒன்று பச்சை, ஒன்று கோணல், ஒன்று சன்னம். கடைசியில் தெருக்கோடிப் பொன்னுத்தாயி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒன்று சாத்தியிருந்தது. வருஷக்கணக்கில் காய்ந்தது. விரலால் தட்டினான். உள்ளே யாரோ 'ம்' என்றது போல இருந்தது.

தொண்ணூறு வயதுப் பொன்னுத்தாயி கட்டிலில் கிடந்தபடி பார்த்தாள். "அதுவா வேணும்? எனக்குன்னு வெட்டினதுடா."

"ஒனக்கு எதுக்கு ஆத்தா மூங்கிலு?"

"எடுத்துக்கிட்டுப் போ."

எதற்காக வெட்டினது என்று அவன் விடாமல் கேட்டிருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அவன் வெளியூர் அறுப்புக்குப் போயிருந்த சமயம், கிழவிக்கு வாயில் பால் ஊற்றி, பாடைக்கு மூங்கிலும் வெட்டிவிட்டார்கள். கிழவி எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டாள். பாடைக்கென்று வெட்டியதை இங்கே யாரும் வேலிக்குக்கூட வைக்கமாட்டார்கள். எரிக்கவும் பயம். அப்படியே நின்றது.

கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கணுக்களைத் துளைத்தான். வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு அப்பினான். உதட்டைத் தளர்த்திப் படபடக்க விட வேண்டும். கன்னத்தில் தேக்கிய காற்றைத் தள்ளும்போதே மூக்கால் இழுக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா போட்டு, குமிழி நிற்காமல் ஊதிப் பழகினான். அதில் வந்தது, குழாயில் மட்டும் ஒவ்வொரு முறையும் அறுந்தது.

நாலாம் நாள் மத்தியானம் பொன்னுத்தாயிக்குக் கஞ்சி கொண்டுபோன அம்சவல்லி முகம் வெளிறித் திரும்பினாள். "ஏங்க, கெழவி தூங்குது. நீங்க ஊதுறப்ப மூச்சு ஓடுது. நிறுத்துனா நின்னுடுது."

"போடி. என் குறட்டைய எண்ணி எண்ணி ஒனக்கு ஊர்ல எல்லாரு மூச்சும் நிக்குது."

சரி, பார்த்துவிடலாம் என்று அவள் போனோடு கிழவியின் கட்டிலருகே போய் நின்றாள். அவன் ஊதினான். நிறுத்தினான். போனில் அவள் எண்ணினாள். "பத்து... பதினஞ்சு... ஏங்க, இருபது..."

வயலில் தவளைச் சத்தம்கூட இல்லை. அவன் பாய்ந்து ஊதினான். போனுக்குள் ஒரு இழுப்பு கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற மாதிரி. அது அவனுடைய இழுப்பு.

அதற்கப்புறம் வாயை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மூச்சை வட்டமாகச் சுழற்றும் வித்தை அந்த ஒரே மத்தியானத்தில், பயத்தில் படிந்தது. கிழவி விழித்த பிறகுதான் நிறுத்தினான். விழித்திருக்கும்போது அவளுக்கு ஒன்றுமில்லை. ராத்திரியில் அவளுக்குத் தூக்கமே கிடையாது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவள் தூங்கும் அந்த ஒரு மணி நேரம் அவன் ஊதினான்.

தையில் மறுபடி சோதித்தார்கள். அவன் மூச்சு நிற்கவே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தார், ஃபாஜில் சாவியை நீட்டினார். சாவியோடு நேரே பொன்னுத்தாயியிடம் போனான்.

"நான் போயிட்டா ஒனக்கு யாரு ஆத்தா ஊதுவா?"

"எடுத்த எடத்துலயே சாத்துடா. இத்தன நாளு நீ பாத்துக்கிட்ட. இனிமே நான் பாத்துக்கறேன்."

சாத்திவிட்டு, திருவிடைமருதூர் பக்கம் அறுப்புக்குப் போய்விட்டான். அன்றோடு குழாய் வாயை மூடிக்கொண்டது. கிழவியும் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

"தப்பாச் சொல்றீங்க டீச்சரம்மா," என்றாள் என் பக்கத்தில் மொச்சை உரித்தபடி நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்சவல்லி. "அது வாயை மூடல. அவரு போயி பன்னண்டு நாளாச்சு. தெனம் மத்தியானம் ரெண்டு மணிக்கு அதுவா ஊதுது. கெழவி தூங்குறதே இல்ல. கண்ணை முழிச்சுக்கிட்டு, கன்னத்தை உப்பிக்கிட்டு, கட்டில்லயே கெடக்குது. நேத்து அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். சாப்பிட்டுட்டு அவரு கண்ணசர்றது ரெண்டு மணிக்குத்தானாம்."