சீனாவில் அணைந்த அடுப்பு

என் வீட்டுக்காரர் சீனாவைப் பார்த்ததில்லை. மதுரையைத் தாண்டி அவர் எங்குமே போனதில்லை. ஆனாலும் சீனாவில் எந்தப் பக்கம் எவ்வளவு கோதுமை விளைந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். எங்கள் வீட்டுப் பானையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார்.

ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய கதை இது. நான் ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோப்பும் வெயிலுமாக வளர்ந்தவளைக் கொண்டுபோய்க் கொடைக்கானலுக்கும் மேலே, கிளாவரைப் பக்கத்தில் ஒரு மலைக் கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். குளிர்கூடப் பழகிவிட்டது. அடுப்புதான் பழகவில்லை. வருஷத்தில் பாதி நாள் விறகு ஈரமாகவே இருக்கும். இருட்டோடு எழுந்து, ஊதாங்குழலை வைத்துக்கொண்டு ஊது ஊதென்று ஊதினால் விறகுக்கு முன்னால் என் கண்தான் எரியும். ஆண்கள் பொழுது விடிகிறவரை கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கம்பளியின் மேல் எனக்கு இருந்த ஆசை நகைநட்டின் மேல்கூட இருந்ததில்லை.

பூண்டு மூட்டையோடு வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதெல்லாம் அவர் அங்கிருந்த தோழர்களின் படிப்பகத்தில் ஒரு எட்டு தலைகாட்டிவிட்டு வருவார். உப்பு புளியை மறந்தாலும் சீனப் படப் பத்திரிகையை மறக்காமல் வாங்கி வருவார். வழவழவென்று தாள். ஒரு தடவை அதில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தின் படம் வந்திருந்தது. ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறது. பெண்கள் எல்லோரும் வாயெல்லாம் பல்லாக இருந்தார்கள்.

"பாத்தியா? அங்க வீட்டுக்கு வீடு அடுப்பு கெடையாது. பொம்பளைங்களுக்கு அடுப்படியில இருந்து விடுதலை குடுத்துட்டாங்க" என்றார்.

நான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்தேன்.

"சரிங்க. நம்ம வீட்டுல எப்பக் குடுப்பீங்க?"

மனுஷர் இதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார், வெளியே போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். அந்த மாதமே எங்கள் ஊரில் பொதுச் சமையல் தொடங்கியது. உலகத் தொழிலாளர்களை ஒன்று சேர்ப்பதாகத்தான் பேச்சு. கடைசியில் சேர்ந்தது அவர், அவருடைய அண்ணன், தங்கை புருஷன், சித்தப்பா மகன். அதற்கு மேல் ஆள் சேர்த்தால் யார் கையால் யார் சாப்பிடுவது என்ற பேச்சு வந்துவிடும். ஆக, புரட்சி சொந்தக்காரர்களோடு நின்றுகொண்டது.

அண்ணன் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் பெரிய கல் அடுப்பு போட்டார்கள். பழனியிலிருந்து ஒரு அண்டா வந்தது. நாலு வீட்டுப் பெண்களும் முறை வைத்து, நாளுக்கு ஒருத்தியாகப் பொங்க வேண்டும். எனக்கு ஒரு காலை அடுப்பு என்றால் மூன்று காலை கம்பளி.

அடடா, அந்த மூன்று காலைகள்! முதல் நாள் என் வீட்டுக்காரர் எழுந்து, பக்கத்தில் நான் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். "விடுதலைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்படி இரண்டு மூன்று வருஷம் ராணி மாதிரி இருந்தேன். களியும் கருவாட்டுக் குழம்புமாக அண்டா கொதித்தது. ஆண்கள்தான் மெல்ல முனக ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு உப்புக் கூடுதல், ஒருவருக்குக் காரம் குறைச்சல். உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. நாலு பெண்கள் ஒரே சாய்ப்பில் உட்கார்ந்து பூண்டு உரித்தால் நாலு வீட்டுச் சங்கதியும் ஒன்றாகத்தானே வேகும்? எவன் குறட்டை விடுகிறான், எவன் சந்தைக்குப் போனால் பொழுது சாயும்வரை வருவதில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அத்துபடி. சாப்பிட உட்காரும்போது நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தால் ஆண்களுக்குக் களி இறங்காது.

அந்த நேரம் பார்த்து வத்தலக்குண்டிலிருந்து ஒரு சேதியோடு மலையேறி வந்தார் என் வீட்டுக்காரர். வந்ததும் ஆண்களைக் கூப்பிட்டுச் சாய்ப்பிலேயே கூட்டம் போட்டார். நாங்கள் அடுப்போரம் நின்றோம்.

"சீனாவுலயே கொள்கையை மாத்திட்டாங்க. பொதுச் சமையல் கட்டாயமில்லைன்னுட்டாங்க. அவங்கவங்க வீட்டுல பொங்கிக்கலாம். வீட்டுக்கு ஒரு துண்டு நெலமும் சொந்தமா வச்சுக்கலாம். நாமளும் காலத்துக்கு ஏத்தாப்புல மாறணும்."

அங்கே அந்தக் கூடங்களில் கடைசிக் காலத்தில் அண்டாவே காலியாகக் கிடந்தது, ஊர் ஊராகச் சனம் பட்டினியில் செத்தது என்பதெல்லாம் எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பத்திரிகையில் கடைசிவரை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போச்சு, என் கம்பளி போச்சு. நாலு ஆண்களும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது என்றார் என் வீட்டுக்காரர்.

அவருடைய அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் பெரியக்கா என்போம். அவள் அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"ஏன் தம்பி, எங்களைக் கேக்கலையே?"

"இது கொள்கை முடிவு மதினி."

"இருக்கட்டும். அவங்கவங்க வீட்டுல பொங்கிக்கலாம்னுதான போட்டிருக்கு? பொம்பளைதான் பொங்கணும்னு போட்டிருக்கா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "அப்படி ஒண்ணும் போடலை" என்றார்.

"அப்பச் சரி. நீங்க நாலு பேரும் புதுக் கொள்கைப்படி அவங்கவங்க வீட்டுல பொங்கிக்கங்க. நாங்க பழைய கொள்கையிலயே இருந்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் களியைக் கிண்டப் போய்விட்டாள். எனக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது.

பெரியக்கா புருஷன் அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே தட்டோடு சாய்ப்புக்கு வந்துவிட்டார். மற்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே வந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வரவில்லை. தீர்மானம் கொண்டுவந்தவரே எப்படி வருவார்? மறுநாள் வெள்ளனே எழுந்து எங்கள் வீட்டு அடுப்பைத் தூசி தட்டிப் பற்றவைக்க உட்கார்ந்தார்.

வெளியே சாரல். விறகு ஊறிப்போய்க் கிடந்தது. வீட்டில் இருந்த காகிதம் சீனப் பத்திரிகை ஒன்றுதான். அதில் நாலு தாளைக் கிழித்து அடுப்பில் வைத்தார். வழவழத் தாள் எரியவா செய்யும்? கறுகிச் சுருண்டு, இருந்த புகையோடு தன் பங்குக்கும் புகைந்தது. உள்ளே இருமல் சத்தம் கேட்டது. எழுந்து போய் ஊதிக் கொடுத்துவிடலாமா என்று எனக்கு இரண்டு தடவை கால் எழுந்தது. அடக்கிக்கொண்டு வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். துண்டால் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏய், தெனமும் இப்படித்தானா?"

"மழைக்காலத்துல இன்னும் மோசங்க."

"ஒரு நாள்கூடச் சொல்லலையே நீ."

"பத்திரிகையில போட்டிருந்தாப் படிச்சிருப்பீங்க" என்றேன்.

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அடுப்பை அப்படியே போட்டுவிட்டு என்னோடு சாய்ப்புக்கு நடந்தார். பெரியக்கா ஒரு வார்த்தை கேட்காமல் அவருக்குக் களியைப் போட்டாள். நாத்தனார்தான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாட்டுப் பக்கம் ஓடினாள்.

அடுத்த நாள் இருட்டோடு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அவர் எனக்கு முன்னாலேயே எழுந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு உன் முறையா?"

"இல்லைங்க. உங்க தங்கச்சி முறை."

"அப்பப் படு."

விலகிக் கிடந்த கம்பளியை என் கழுத்துவரை இழுத்துவிட்டு, மூலையில் இருந்த கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சற்று நேரத்தில் சாய்ப்புப் பக்கமிருந்து விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய தூக்கம் அன்றைக்கு எனக்கு வரவே இல்லை. அந்தச் சத்தம் ஓய்கிறவரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.